துண்டு போட்ட இடம்

பஸ் வரும், வராமல் எங்கே போய்விடும் என்று மங்கையர்க்கரசி விடிந்ததிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்ததில் அந்த வார்த்தைக்கே சாயம் போய்விட்டது. ஆலந்தாங்கல் ஹவுசிங் போர்டின் கடைசி நிறுத்தம் இது. போர்டு ஸ்டாப் என்பார்கள். நிழற்குடை இருக்கிறது, உள்ளே இருந்த பெஞ்சை யாரோ பெயர்த்துக்கொண்டு போய் வெகு காலமாகிறது. அதனால் வீட்டிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை முதலில் கொண்டுவந்து போட்டுவிட்டு, பெஞ்சைப் பெயர்த்த ஊர் நாற்காலியை விட்டுவைக்குமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடிப்போய், கணவர் தணிகாசலத்தைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிவந்து அதில் உட்காரவைத்திருந்தாள். இப்போது நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிளாஸ்டிக் வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை மடியில் மூடிக்கிடந்தது. மூடிக்கிடப்பதுதான் அதன் சுபாவம் என்று ஆகிவிட்டது. பக்கவாதம் வந்த பிறகு அந்தக் கை எதையாவது பிடித்தால் பிடித்ததுதான், விடாது. காலையில் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அடம்பிடித்தது. விரல் விரலாக அவள்தான் பிரித்தாள். பெரியாஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள், பிடிக்கறது பெரிசில்லம்மா, விடறதுதான் பெரிசு, வாரம் மூணு நாள் தவறாம கூட்டிட்டு வாங்க, விரல் திறக்கும். திறக்கும் என்றுதான் சொன்னாள், திறக்கலாம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மங்கையர்க்கரசி இந்த நாற்காலியைத் தூக்கிவந்தாள். பஸ் உள்ளே வந்தால் ஆஸ்பத்திரி உண்டு. வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பஸ் வரும். அதில் சந்தேகமில்லை, இன்று வெள்ளோட்டம் என்று டிப்போவிலிருந்தே சொல்லியிருக்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் போக்குவரத்துக் கழகத்துப் பெண் அதிகாரி ஒருத்தி வந்து நிழற்குடைத் தூணில் சாய்ந்து நின்று கைபேசியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். சின்ன வயசு, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் தண்ணீர் பாட்டில். ஆள் ஏறினால் பஸ் தொடரும், ஆள் இல்லையென்றால் பழையபடி ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் டேங்க் ஸ்டாப்போடு திரும்பிவிடும். வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே, "இங்க எவ்ளோ பேர்மா ஏறுவாங்க?" என்பதுதான். மங்கையர்க்கரசி வீடுகள் இருக்கிற பக்கம் கை காட்டினாள். "நிறைய பேர் ஏறுவாங்கம்மா. இப்ப வந்துருவாங்க" என்றாள். சொன்னதிலிருந்து ஒரு ஈ காக்கை இல்லை. காக்கை இருந்தது, சரி, தூங்குமூஞ்சி மரத்தில் ஒன்று உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்கள்தான் இல்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜெயசீலன் நேற்றே எல்லோருக்கும் வாட்சப்பில் போட்டிருந்தார், யாரும் டேங்க் ஸ்டாப்புக்குப் போகக் கூடாது, தயவுசெய்து போர்டு ஸ்டாப்பிலேயே ஏறவும் என்று, கூடவே கும்பிடுகிற கைகள் வரிசையாக. எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். இந்தக் கட்டைவிரல்களை அவளுக்குத் தெரியாதா. எதிர்வீட்டுக் கஸ்தூரியும்தான் தூக்கியிருந்தாள். காலையில் ஈரத்தலையோடு வாசலில் வந்து, "நீ போயிட்டே இரு அரசி, தோ வந்துட்டேன்" என்றாள். பிறகு அவள் தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஏரிக்கரைப் பக்கமாகப் போனது மாதிரி இருந்தது. அந்தப் பச்சைப் புடவை கஸ்தூரியுடையதுதானா, ஊரில் பச்சைப் புடவைக்கா பஞ்சம், ஆனால் அந்த ஈரத்தலை? போயிருக்க மாட்டாள். போயிருப்பாள். சீட்டு என்றால் கஸ்தூரி செவ்வாய் கிரகம் வரைக்கும் போய் அங்கிருந்து ஏறி வருவாள்.

இந்த ஊருக்கே அந்த வியாதி உண்டு. வந்த நாளிலிருந்தே என்று சொல்ல முடியாது, முதலில் பஸ்ஸே இல்லையே, வியாதி எங்கிருந்து வரும். அப்பாவுக்கு வீடு ஒதுக்கியபோது மங்கையர்க்கரசி ஆறாம் வகுப்பு. சுண்ணாம்பு வாசனை மாறாத வீடு, திறந்தால் அடைக்க முடியாத ஜன்னல், சுற்றிலும் கருவேலமும் சேறும். ஏரிக்கரை மேல் நடந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மெயின் ரோட்டுக்குப் போய்த்தான் எதையும் பிடிக்க வேண்டும். மழை நாளில் பாவாடையில் ஏறிய சேறு பள்ளிக்கூடத்தில் காய்ந்து உதிரும். அந்த உதிர்கிற சத்தம்கூட இப்போது காதில் கேட்கிறது, என்ன காது இது, கேட்க வேண்டிய பஸ் சத்தத்தை விட்டுவிட்டு. முதல் பஸ் வந்த அன்று மாவிலை கட்டி, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். சிவப்பு பஸ், நெற்றியில் சந்தனம். வந்துவிட்டதே தவிர திரும்ப இடமில்லை. ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர், ஒரு பக்கம் கால்வாய். டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் குடியிருப்பே பின்னால் நின்று வா வா வா, ஓடி ஓடி, ஒடிச்சு ஒடிச்சு என்று கத்தியது. ஆளாளுக்கு ஒரு பக்கம் கை காட்டியது. அப்பா ஒருவர் மட்டும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கால்வாய் ஓரத்தில் தன் காலையே அளவாக வைத்து, "என் காலத் தாண்டாத" என்றார். பஸ் தாண்டவில்லை, திரும்பியது. அன்றைக்குக் கைதட்டின மாதிரி இந்த ஊர் வேறெதற்கும் கைதட்டியதில்லை. அம்மா அழுதாள். பஸ்ஸைப் பார்த்து யாராவது அழுவார்களா என்று மங்கையர்க்கரசி அப்போது சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

வியாதி அதற்கப்புறம் வந்தது. வீடுகள் நிறைந்தன, பஸ் ஒன்றுதான். பக்கத்தில் மினி பஸ் ஒன்றும் கொஞ்சநாள் ஓடியது, ஜன்னலுக்கெல்லாம் குஞ்சம் கட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு, ஏறினால் காது போய்விடும். நஷ்டமோ என்னவோ, அது நின்றது. பெரிய பஸ் மட்டும் காலையில் காலியாக வரும். போர்டு ஸ்டாப்பில் கூட்டம் முட்டும். அப்போதுதான் யாரோ ஒரு புத்திசாலி, யாரென்று கடைசிவரை தெரியவில்லை, ஆளுக்கொரு பேர் சொல்வார்கள், ஒரு காரியம் செய்தான். எதிரே நடந்துபோய் டேங்க் ஸ்டாப்பிலேயே ஏறி, சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, இங்கே நிற்கிற கூட்டத்தை ராஜா மாதிரி பார்த்துக்கொண்டே பஸ்ஸோடு வந்து, பஸ்ஸோடு திரும்பினான். மறுநாள் நாலு பேர். அடுத்த மாதம் பாதி ஊர். ரிட்டனில் ஏறுவது என்று அதற்குப் பேர். கொஞ்ச நாளில் சீட்டுப் போட்டி டேங்க் ஸ்டாப்புக்கே போய்விட்டது. அங்கே ஜன்னல் வழியாகத் துண்டு போட ஆரம்பித்தார்கள். துண்டு, கைக்குட்டை, டிபன் பை, ஒருதடவை ஒருவர் அவசரத்தில் கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்புறம் எந்த சீட்டில் போட்டோம் என்று கண் தெரியாமல் தடவினார். ஆனால் துண்டு போடுவதில் லேத் பட்டறைத் தணிகாசலத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. பஸ் நிற்பதற்குள், ஓடுகிற ஓட்டத்தில், வலது கையை ஒரு சுழற்று, துண்டு ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து எந்த சீட்டு என்று நினைத்தாரோ அந்த சீட்டில் விரித்துப் போட்ட மாதிரி விழும். மங்கையர்க்கரசி அப்போது எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா எடுக்கிற வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் காய்ச்சலோடு, நிற்க முடியாமல், டேங்க் ஸ்டாப்பில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது முன்பின் பேசியிராத அந்த மனிதர் துண்டை வீசிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்து, "போட்டாச்சு, ஏறிக்கோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை, பேர் கேட்கவில்லை. அவர் நின்றுகொண்டே வந்தார். துண்டில் இரும்பு வாசனையும் எண்ணெய் வாசனையும் அடித்தது, அதன் மேல் உட்காரக் கூச்சப்பட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள், இறங்கும்போது திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள். மறந்தாளா? இத்தனை வருஷத்தில் அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இப்படி ஊரே துண்டு போட்டதுதான் பஸ்ஸுக்கே வினையாக முடிந்தது. சில வருஷம் முன்பு ஆள் கணக்குப் பார்க்க ஒருவர் வந்து இதே நிழற்குடையில், பெஞ்சு இருந்த காலம், பெஞ்சில் உட்கார்ந்து காலையில் பார்த்தார். பஸ் நிறைய ஆட்களோடு வந்தது. யாரும் இறங்கவில்லை. யாரும் ஏறவில்லை. நிறைய ஆட்களோடு போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் அப்படியே. மறுநாளும் அப்படியே. அவருக்குத் தலை சுற்றியிருக்கும். எதிரே டீக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார். டீக்கடைக்காரர் ஊர்ப்பெருமையாக, "நம்மாளுங்க கெட்டி சார், ஒருத்தனும் இங்க நிக்கமாட்டான், எல்லாம் டேங்க்லயே ஏறிடுவானுங்க" என்றிருக்கிறார். அவ்வளவுதான். டேங்க்கில்தானே ஏறுகிறார்கள், அப்புறம் பஸ் எதற்கு வெறுமனே ஏரியைச் சுற்றிவர வேண்டும்? பஸ் டேங்க் ஸ்டாப்போடு கட் சர்வீஸ் ஆகிவிட்டது. சொகுசாக உட்கார்ந்து போக வேண்டும் என்று ஒரு ஊரே நடந்து நடந்து, கடைசியில் நடக்கிற நடையே மிச்சமானது. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரும் ஏரிக்கரை மேல். அப்போதும் அவள் அதிகம் வருத்தப்படவில்லை, கால் நன்றாக இருந்தது. அவருக்கும் கால் நன்றாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமல் அப்படியே, அதை நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஷேர் ஆட்டோவில்தான் போனார்கள், டேங்க் வரை ஆட்டோ, அப்புறம் பஸ். போகப் போக ஆள்காட்டி விரல் கொஞ்சம் அசைந்தது, அசைந்ததைப் பார்த்து அவர் ஒரு குழந்தையைப் பார்ப்பது மாதிரி தன் விரலையே பார்த்தார். அந்த வாரம்தான் டேங்க்கில் இறங்கும்போது ஆட்டோக்காரன் அவர் காலை ஊன்றுவதற்குள் வண்டியை எடுத்தான். கம்பியைப் பிடித்த வலது கை விடவில்லை. விடத் தெரியாதே அதற்கு. ஆட்டோவோடு கொஞ்ச தூரம் இழுபட்டுக்கொண்டே போனார். ஐயோ என்று கத்தியது அவள்தான், அவர் கத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார், வேணாம். தனி ஆட்டோ வைத்து வாரம் மூன்று நாள் போய்வர அவர்கள் என்ன மிராசுதாரர்களா. மழைக்காலம் போயிற்று, பொங்கல் போயிற்று, சித்திரை வந்துவிட்டது. விரல் பழையபடி மூடிக்கொண்டது. படியே இல்லாத பஸ், சாய்தளம் போட்டு ஏற்றுவார்கள் என்று ஜெயசீலன் வந்து சொன்னபோதுதான் தலையைத் திருப்பினார். படியில்லையா என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே ஜெயசீலனுக்குக் காப்பி போட்டுக்கொடுத்தாள்.

இப்போது அந்த ஜெயசீலனே எங்கே? எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்க வேண்டியவர். எங்கேயோ மாவு அரைக்கிற சத்தம் கேட்டது, நாய் ஒன்று நாற்காலிக் காலை மோந்து பார்த்துவிட்டுப் போனது. அதிகாரிப் பெண் மணியைப் பார்த்தாள், அப்புறம் காலி ரோட்டைப் பார்த்தாள், அப்புறம் மங்கையர்க்கரசியைப் பார்த்து, பாவம் என்பது போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கணக்கு தெரிந்துவிட்டது. ரெண்டே ரெண்டு பேர், அதில் ஒருவர் நாற்காலியில். இதற்காக யார் பஸ் விடுவார்கள்? "அரசி" என்றார் தணிகாசலம். வார்த்தை அவருக்கு இப்போது கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். "வீட்டுக்கு... போயிடலாம்." "சும்மா இருங்க. எல்லாம் வரும்." "யாரும்... வல்லயே." "பஸ்ஸு வருதில்ல, பஸ்ஸு வந்தா போதும்." போதாது, அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பஸ் இன்றைக்கு வந்து நாளைக்கு வராமல் போனால் அவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார், இந்தத் தடவை திரும்பினால் எந்தப் படியில்லாத பஸ்ஸும் அவரை இந்தப் பக்கம் திருப்பாது. கூட்டிவராமல் இருந்திருக்கலாம். ஆசை காட்டியிருக்க வேண்டாம். ஆசை காட்டாமல் எப்படி ஒரு ஆளை எழுப்பி, குளிக்கவைத்து, வெள்ளைச் சட்டை போட்டுவிடுவது? அப்போது ஏரிப்பக்கம் ஹாரன் கேட்டது. நிஜமான ஹாரன். வளைவில் தூசு எழும்பியது, சிவப்பாக, அகலமாக, தரையோடு தரையாகப் பதுங்கினாற்போல ஒரு பஸ் வந்தது. பூசணிக்காய் இல்லை, மாவிலை இல்லை, இருந்தும் அவளுக்கு அம்மா மாதிரியே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பார்த்தால், ஜன்னலுக்கு ஜன்னல் முகம். எல்லாம் தெரிந்த முகம். நாலாவது ஜன்னலில் பச்சைப் புடவை, ஈரத்தலை, கஸ்தூரி. அவளுக்கு முன்னால், வழுக்கைத் தலையோடு, வாட்சப்பில் கும்பிட்ட அதே ஜெயசீலன். பாவிகளா என்று வாய்விட்டே சொன்னாள். இத்தனை பட்டும் புத்தி வரவில்லையா, ஒரே ஒரு நாள், இன்றைக்கு ஒரே ஒரு நாள் நின்று போனால் உங்கள் கால் தேய்ந்துவிடுமா? அதிகாரிப் பெண் கைபேசியில் எதையோ தட்ட விரலைத் தூக்கினாள். மங்கையர்க்கரசி நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள், அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. ஜெயசீலன் இறங்கினார். பின்னாலேயே கஸ்தூரி. அவளுக்குப் பின்னால் டெய்லர், எல்.ஐ.சி.காரர், கல்லூரிப் பிள்ளைகள், பூக்காரம்மா, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி. இரண்டு கதவு வழியாகவும் ஊரே கொட்டியது. பஸ் காலியானது. காலியாகவில்லை, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கைக்குட்டை, ஒரு பை, ஒரு குடை. கண்டக்டர் படியில்லாத வாசலில் நின்று, "ஏன்யா, ஆஸ்பத்திரி, மார்க்கெட்டுனு டிக்கெட் கேட்டா, எல்லாரும் போர்டுக்கே ஒண்ணு குடுன்னீங்க. இங்க இறங்கி எங்கதான் போறீங்க?" என்று கத்தினார். ஜெயசீலன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "எங்கயும் போல சார். ஏறத்தான் இறங்குறோம்" என்றார். சொல்லிவிட்டு நிழற்குடைக்கு முன்னால் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார். வரிசை டிரான்ஸ்பார்மரைத் தாண்டி வளைந்தது. கஸ்தூரி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். "மூஞ்சிய ஏன்டி இப்படி வச்சினு இருக்க? எங்கள விட்டா யாரு வருவா?" "நீங்க டேங்க்ல ஏறிட்டீங்களேன்னு..." "பின்ன, சீட்டு வேணாமா? பஸ்ஸும் வேணும், சீட்டும் வேணும்." மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்து, எது முதலில் வருவது என்று தெரியாமல் இருமல் வந்தது. அதிகாரிப் பெண் திறந்த வாயை மூடவில்லை. "இத எப்படிங்க நான் எழுதறது?" என்று கண்டக்டரைக் கேட்டாள். "இறங்கினவங்க உண்டு, ஏறுறவங்க உண்டு. கண்ணால பாத்தத எழுதுங்க மேடம்" என்றார் அவர். அவள் கொஞ்ச நேரம் வரிசையைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு தலையாக எண்ண ஆரம்பித்தாள். "நாளைக்கும் இப்படியே செய்வீங்களா?" என்று நடுவில் கேட்டாள். "வருசம் பூரா செய்வோம்" என்றது வரிசை.

முதலில் தணிகாசலம் ஏறட்டும் என்று வழி விட்டார்கள். சாய்தளத்தை இழுத்துப் போட்டார் கண்டக்டர். முன்னால், கதவை ஒட்டி, ஜன்னலோரச் சீட்டு ஒன்றில் மட்டும் யாருடைய கைக்குட்டையும் இல்லை. அவருக்கென்று போட எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று மங்கையர்க்கரசி நினைத்தாள். மறக்கவில்லை. ஜெயசீலன் வரிசையிலிருந்தே, "அண்ணே, உங்க சீட்ட நாங்க போடல. நீங்க இருக்கச்சொல்ல நாங்க போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். தணிகாசலம் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த ஜன்னலைப் பார்த்தார். தாழ்ந்த பஸ், ஜன்னல் அவர் தோளுக்குச் சற்று மேலே, எட்டுகிற தூரத்தில் நின்றது. தோளில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்து வலது கைக்குள் திணித்தார். வலது கை அதைப் பிடித்துக்கொண்டது. பிடிப்பதற்கு அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி, மங்கையர்க்கரசி முழங்கையைத் தாங்க, ஜன்னலுக்குள் வைத்தார். அவ்வளவுதான், கை அங்கேயே நின்றுவிட்டது. துண்டு தொங்கியது. விழவில்லை. வேண்டாம், போதும், கையை எடுத்துவிடுங்கள், நானே விரலைப் பிரித்துவிடுகிறேன் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆட்டோவோடு இழுபட்ட கை இது, பஸ் கிளம்பிவிட்டால், கிளம்பாது, டிரைவர் இன்ஜினையே அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்கு நேரமாகிறவர்கள், பள்ளிக்கு நேரமாகிறவர்கள், ஒருவரும் உச்சுக்கொட்டவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பிரித்துவிடலாமா. கூடாது. அவள் தன் இரண்டு கையும் முழங்கையை விட்டு அந்தப் பக்கம் போகாதபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆள்காட்டி விரல் நடுங்கியது. அப்புறம் நிமிர்ந்தது. அடுத்த விரல் அதைப் பார்த்து யோசித்தது மாதிரி இருந்தது, பிறகு அதுவும். மற்ற இரண்டும் தாமதமாக, மனசில்லாமல், வழிவிட்டன. துண்டு சீட்டின் மேல் விழுந்தது. விரித்துப் போட்ட மாதிரி இல்லை, சுருண்டு, பாதி கீழே தொங்க, எப்படியோ ஒரு விதமாகத்தான் விழுந்தது. இருந்தாலும் அந்த சீட்டில்தான் விழுந்தது. பின்னால் வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். அவர் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். வார்த்தை வர நேரமானது, அவள் காத்திருந்தாள்.

"போட்டாச்சு" என்றார். "ஏ...றிக்கோ."